சீர் மேசையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

காலையில் எழுந்ததும் இளவரசி பல் துலக்கப் போகவில்லை. நேராகக் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் போனாள். முந்தின நாள் ஓடவிட்டுப் படுத்த படம் திரையில் பாதியில் நின்றிருந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர் வீட்டுச் சமையலறை அது. மேல் அலமாரிகள் வந்திருந்தன. அடுப்பு மேடை இருக்க வேண்டிய இடம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. அம்புக்குறி அசையவில்லை.

“மறுபடியும் நின்னுடுச்சா?” என்று வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா ஜோதிலட்சுமி கேட்டாள்.

“ஆமாம்மா.”

“நல்லா வேல செஞ்ச போ. கரன்ட் பில்லு ஏறினதுதான் மிச்சம்.”

கரியமாணிக்கத்தில் நெல்லும் கரும்பும் பயிர் வைக்கும் தணிகைவேலின் ஒரே மகள் இளவரசி. பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படித்தவள். புதுச்சேரியில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்யும் நிறுவனம் ஒன்று, மரவேலை தொடங்கும் முன்பே அந்த அறை முடிந்தால் எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரருக்குப் படமாகக் காட்டும். அந்தப் படங்களை இளவரசி வீட்டிலிருந்தே செய்து அனுப்பினாள். அங்கே வேலை பிரித்துக் கொடுக்கும் கல்பனாவுக்கு அவள் கைவேலை பிடித்திருந்தது. அவள் கம்ப்யூட்டர்தான் பிடிக்கவில்லை.

“ஒரு படத்துக்கு ஒரு ராத்திரி ஆச்சுன்னா நான் கஸ்டமருக்கு இன்னாம்மா பதில் சொல்றது? ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டா போடு. மாசா மாசம் நிக்காம வேல தர்றேன்” என்று கல்பனா சொல்லியிருந்தாள்.

கம்ப்யூட்டருக்குள் படம் சம்பந்தப்பட்ட வேலையை மட்டும் தனியாக இழுத்துப் போட்டுச் செய்யும் பலகைக்குத்தான் கிராபிக்ஸ் கார்டு என்று பெயர். மலிவானதும் உண்டு, புது மோட்டார் பைக் விலைக்கு விற்பதும் உண்டு. இளவரசி கண் வைத்திருந்தது நடுத்தர விலையில். அதற்காக அவள் ஒவ்வொரு படத்துக்கும் வந்த பணத்தில் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டே வந்தாள். இன்னும் சில மாதங்களில் வாங்கிவிடலாம் என்று இருந்தபோதுதான் கிருமாம்பாக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை பெயர் குணா. கடலூர் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சொந்தமாக ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுப்பவன். குடிப் பழக்கம் கிடையாது. பார்க்க லட்சணமாக இருந்தான். அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. காபி குடித்து முடித்த பிறகு அவன் அம்மா விஜயராணி பேசினாள்.

“நாங்க எதையும் கேக்கற ஜனம் இல்ல சம்மந்தி. நகை நட்டு உங்க பொண்ணுக்கு நீங்க போடறது. புள்ள தொழிலுக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டரா பாத்து சீர்ல வெச்சிடுங்க, போதும். உங்க பொண்ணுக்கும் அந்தப் படிப்புதானே? அதுக்கும் ஆச்சி.”

வரதட்சணை கேட்கும் இடத்தில் பெண் கொடுக்க மாட்டேன் என்று தணிகைவேல் ஊரில் நாலு பேர் கேட்கச் சொல்லி வந்தவர். ஆனால் இந்தம்மாதான் எதையும் கேட்கவில்லையே! தொழிலுக்கு ஒரு சாமான். அதுவும் மகளும் புழங்கும் சாமான். அவர் சரி என்று தலையாட்டிவிட்டார்.

அன்று சாயந்தரம் குணா போனில் பேசினான். “ஒரே மிஷினு. பகல்ல நான், சாயந்தரம் நீ. நம்ம ரெண்டு பேருக்கும்தான்பா.”

அந்த ஒரு பேச்சில் இளவரசி கரைந்துபோனாள். தான் ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். எங்கே வாங்கினால் என்ன, கார்டு தனக்கும்தானே என்று நினைத்தாள்.

பெட்டி, திரை எல்லாம் சீக்கிரம் முடிவாகிவிட்டன. கார்டில்தான் பேச்சு நின்றது. அவர்கள் கைக்கு எட்டும் விலையில் இரண்டு கார்டுகள் இருந்தன. குணா ஒன்றைச் சொன்னான், இளவரசி இன்னொன்றைச் சொன்னாள்.

“நான் சொன்ன மாடல் நம்பரையே வாங்கிடச் சொல்லு. மூணு ஃபேன் வெச்சது. உள்ள லைட்டெல்லாம் கலர் கலரா எரியும்.”

“அதுல மெமரி எட்டு ஜிபிதாங்க. நான் சொல்றது நம்பர் கம்மி, ஆனா பன்னெண்டு ஜிபி. விலையும் கம்மி.”

“நம்பர் கம்மின்னா வேகமும் கம்மிதானே?”

“கேம் ஆடறவங்களுக்கு அந்த வேகம் வேணும். நீங்க இன்னா கேமா ஆடப்போறீங்க?”

“ஏன், கல்யாணம் ஆனா ஆடக்கூடாதா?” என்று அவன் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். “நீங்க எடிட் பண்ண வீடியோவ முடிச்சி வெளிய எடுக்க அந்தக் கார்டு ஒரு டீ குடிக்கற நேரம் சீக்கிரம் முடிக்கும். அவ்ளோதான் வித்தியாசம். ஒரு டீக்கு அவ்ளோ விலை அதிகமா குடுக்கணுமா? ஆனா என் படம் எட்டுல ஏறவே ஏறாது. வண்டி வேகமா ஓடி இன்னாங்க, மூட்டய வெக்க எடம் இல்லன்னா?”

“ஏ அப்பா! நீ பெரிய ஆளுதான்பா. சரி, ஒன் இஷ்டம் போல எடு. எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

ஆனாலும் இளவரசி சும்மா வாங்கிவிடவில்லை. நெட்டில் யார் யாரோ போட்டிருந்த ரிவ்யூக்களை ஒரு வாரம் பார்த்தாள். கரன்ட் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு சூடாகும், கேரண்டி எத்தனை வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்பாவோடு வில்லியனூர் வழியாகப் பஸ் ஏறி, புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனபோது, தன்னிடம் இருந்ததிலேயே பெரிய படத்தை பென் டிரைவில் கொண்டு போனாள். கூடம், சமையலறை, மாடிப்படி எல்லாம் சேர்ந்த முழு வீடு அது.

“அண்ணா, இத ரெண்டு கார்டுலயும் ஓட்டிக் காட்டறீங்களா?”

“இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா” என்று சலித்துக்கொண்டாலும் கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். மூன்று ஃபேன் கார்டு மின்னிக்கொண்டே தொடங்கியது. மாடிப்படி வரும் முன்பே, நினைவகம் போதவில்லை என்று எழுத்து காட்டி நின்றுவிட்டது. மற்றது மெதுவாகத்தான் போனது. ஆனால் முழு வீட்டையும் முடித்துக் கொடுத்தது.

தணிகைவேலுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் மாடு வாங்கும்போது வண்டியில் பூட்டிப் பார்ப்பவர் அவர். மகள் செய்தது அவருக்குப் புரிந்தது. “பாரம் ஏத்தியே பாத்துட்டியேம்மா!” என்று கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

விலையில் மிச்சமானதை வீணாக்காமல், கிராமத்துக் கரன்டைத் தாங்கும் யூபிஎஸ் ஒன்றும் எடுத்தார்கள். இனி இது எதற்கு என்று இளவரசி தன் பழைய கம்ப்யூட்டரையும் அடுத்த முறை வந்து அந்தக் கடையிலேயே கொடுத்துவிட்டாள்.

ஆவணியில் கல்யாணம். பாகூர்ப் பக்கம் ஒரு மண்டபம். முந்தின நாள் சாயந்தரம் பெண் அழைப்பு முடிந்து சீர்வரிசையைப் பரப்பினார்கள். பித்தளைக் குடங்கள், எவர்சில்வர் அண்டா, கட்டில், பீரோ, தட்டுத்தட்டாகப் பழங்கள். நடுவே ஒரு மேசை போட்டு, சிவப்புத் துணி விரித்து, அதன் மேல் கம்ப்யூட்டர். அதை ஓடவிட்டே வைக்க வேண்டும் என்று விஜயராணி ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தாள். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த பெட்டி. சனம் குனிந்து குனிந்து பார்த்தது.

“இன்னாக்கா, மீன் தொட்டியா?” என்று ஒருத்தி கேட்க, பக்கத்தில் இருந்தவள், “மீனு நம்மூட்டுல நாறுது, அதுக்கு ஒரு தொட்டி வேறயா” என்றாள். சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குணாவின் அக்கா வீட்டுக்காரர் பாக்யராஜ் முன்னால் வந்தார். போனை எடுத்தார். கண்ணாடி வழியாகத் தெரிந்த நம்பரை அதில் தட்டி விலை பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

“மாமா, எங்க மச்சான் சொன்னது இது இல்லயே?”

தணிகைவேல் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார். “இது நல்லதுன்னு பாப்பாதான் பாத்து எடுத்தா மாப்ள.”

“நல்லதா? நம்பர் கம்மி, விலையும் கம்மி. உள்ள ஒரு லைட்டு கூட எரியல. துக்க வூடு மாதிரி இருட்டா இருக்கு.”

விஜயராணி முகம் சுருங்கிவிட்டது. “நாங்க வாய் தொறந்து ஒண்ணும் கேக்கல. ஒரே ஒரு சாமான். அதுலயுமா சம்மந்தி பேரம் பேசி எடுப்பீங்க? எங்க ஜனம் முன்னாடி எங்கள இப்படியா கொறச்சிக் காட்டறது?”

ஜோதிலட்சுமி ஓடிப்போய் மகளைக் கூட்டி வந்தாள். கழுத்தில் மாலையோடு, மருதாணி வைத்த கையோடு இளவரசி அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று சொல்லத் தொடங்கினாள். எட்டு என்றால் என்ன, பன்னிரண்டு என்றால் என்ன, கடையில் எது நின்றது, எது முடித்தது என்று வரிசையாகச் சொன்னாள்.

“பொண்ணு நல்லா கணக்கு பாக்குது” என்றார் பாக்யராஜ். “பாத்துக்கடா குணா, நாளைக்கு ஒனக்கும் அளந்துதான் சோறு போடும்.”

மறுபடியும் சிரிப்பு. இளவரசி குணாவைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் தெரியும். போனில் கேட்டு, சரி என்று சொன்னவன் அவன்தான். ‘நான்தாம்மா எடுக்கச் சொன்னேன்’ என்று அவன் சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். அவன் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

குணா அம்மாவைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், குனிந்து கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

“நான் சொன்னத வாங்கியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதில்ல” என்றான்.

அதன் பிறகு பேசியதெல்லாம் பெரியவர்கள். காலையில் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். கடை திறந்ததும் கார்டை மாற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும், தாலி ஏறும்போது சீர் முழுசாக இருக்க வேண்டும் என்று விஜயராணி முடித்துவிட்டாள். தணிகைவேல் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது. பத்திரிகை வைத்த சொந்தமெல்லாம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் என்ன பேசுவது என்று அவர் பயந்தார்.

விடிந்ததும் பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்ற வேண்டும். குணா வரவில்லை. மாப்பிள்ளை அலங்காரத்தில் இருக்கிறான் என்று பதில் வந்தது. கூறைப்புடவை கட்டப் போகும் முன் இளவரசியே வந்தாள். மேசைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூவைக் கழற்றி, கொக்கியை விரலால் அழுத்தி, கார்டை இரண்டு கையாலும் வெளியே எடுத்தாள். அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

“வேற யாரயாவது அனுப்புங்களேன்” என்றாள் ஜோதிலட்சுமி.

“யார அனுப்பறது? எதுக்கு மாத்தறீங்கன்னு கேப்பான். அப்புறம் ஊரு பூராவும் தெரியும்.”

வெட்கத்தை மூடி மறைக்க அவர் தானே பைக்கை எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் வரத் தாமதமாகிவிட்டது. ஒருமுறை மாட்டிக் கழற்றிய சாமான் என்று விலையில் நிறையப் பிடித்தார்கள். எவ்வளவு என்று தணிகைவேல் கேட்கவில்லை.

“ஏங்க, பொண்ணு எவ்ளோ பாத்து எடுத்திச்சி! இத மாத்தி அதயா எடுத்துட்டுப் போறீங்க?” என்று கடைக்காரர் கேட்டார்.

அதற்குள் தணிகைவேலின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தால் பேச்சு இல்லை, மேளம்தான் கேட்டது. நேரம் தவறிவிடும் என்று அவர் அண்ணனும் அண்ணியும் மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘அப்பாவுக்குத் திடீர்னு வயிறு சரியில்ல’ என்று வந்தவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பெற்ற ஒரே மகள் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில், தணிகைவேல் பட்டு வேட்டியோடு ஒரு கம்ப்யூட்டர் கடையில் பில்லுக்காகக் காத்து நின்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் புதுக் கார்டு பெட்டிக்குள் ஏறிவிட்டது. பச்சை, ஊதா, சிவப்பு என்று மாறி மாறி எரிந்தது. சனம் அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. விஜயராணிக்கு மனம் ஆறியது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. கம்ப்யூட்டர் ஸ்டூடியோவுக்குப் போனது. முதல் மாதம் ஒரு சாயந்தரம் குணா அவளை உட்கார விட்டான். அவள் கல்பனா அனுப்பிய வீட்டை ஓடவிட்டாள். கடையில் பார்த்ததேதான் இங்கேயும். நினைவகம் போதவில்லை. கட்டில்களை எடுத்தாள், திரைச்சீலைகளை எடுத்தாள், மரங்களை எடுத்தாள். எதை எடுத்தாலும் அது வீடு மாதிரி இல்லை.

“உனக்காக ரொம்ப பாத்தேம்மா. வேலய வேற ஆள்கிட்ட குடுத்துட்டேன். தப்பா நெனச்சிக்காத” என்று கல்பனா போன் செய்தாள்.

அதைக் குணாவிடம் சொன்னபோது அவன் கோபப்படக்கூட இல்லை. “அதுக்கு நான் இன்னா பண்றது? ஒங்கப்பாதானே போயி மாத்தியாந்தாரு” என்றான்.

இளவரசி அதற்குப் பிறகு ஸ்டூடியோவில் ஆல்பத்துக்கு அட்டை ஒட்டினாள். வந்த கஸ்டமருக்குத் தண்ணீர் கொடுத்தாள். மிஷின் பக்கம் போகவில்லை.

தைப் பொங்கல் வந்தது. தலைப் பொங்கல் வரிசையோடு தணிகைவேல் கிருமாம்பாக்கம் வந்தார். அரிசி, வெல்லம், பானை, மஞ்சள் கொத்து, புதுத்துணி எல்லாவற்றையும் விஜயராணி எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“சம்மந்தி, அந்தக் கார்டுக்கு அடுத்தது ஒண்ணு வந்திருக்காம். இது பழசாயிடுச்சின்னு குணா பொலம்பறான். தலப் பொங்கலுக்கு மாப்ளைக்கு எல்லாரும் ஏதாவது செய்வாங்க. நாங்க கேக்கல. உங்க மனசு.”

தணிகைவேலின் வாயில் ‘பாக்கறேன்மா’ என்ற சொல் வந்துவிட்டது. அதற்குள் காபி டம்ளரோடு வந்த இளவரசி குறுக்கே நின்றாள்.

“பாக்காதீங்கப்பா.”

“இன்னாடி பேசற?” என்றாள் விஜயராணி.

“அடுத்த வருஷம் இன்னொன்னு வரும் அத்த. அதுக்கும் அடுத்த வருஷம் இன்னொன்னு. கம்பெனிக்காரன் நிறுத்த மாட்டான். நீங்களும் நிறுத்த மாட்டீங்க. எங்கப்பாதான் நிறுத்தணும்.”

கட்டிலில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்த குணா எழுந்து வெளியே போய்விட்டான். “பொங்கலும் அதுவுமா வாயப் பாரு” என்று விஜயராணி கத்தியது தெருவுக்குக் கேட்டது.

அப்பாவோடு இளவரசி பஸ் நிற்கும் இடம் வரை நடந்தாள். கரும்பு ஏற்றிய வண்டிகள் கடலூர் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. தணிகைவேல் பையைத் தரையில் வைத்தார். பிறகு சொன்னார்:

“அவங்க கேக்கலன்னு சொல்லிக்கிட்டே கேட்டாங்க. நான் வரதட்சண குடுக்கலன்னு சொல்லிக்கிட்டே குடுத்தேன். என் தப்பு பாப்பா. சீர்னு பேர் வெச்சா மட்டும் அது வேற ஆயிடுமா?”

“எனக்கும் தப்பு இருக்குப்பா. கார்டு எனக்கும்தானேன்னு நானே காச எடுத்துக் குடுத்தேன். ரெண்டு கார்டயும் பாரம் ஏத்திப் பாத்தோம். அவரு மேல ஒரே ஒரு பாரம் விழுந்திச்சி, மண்டபத்துல. அங்கயே நின்னுட்டாரு. எல்லாரும் பாத்தோம். அப்பவே எழுந்து வந்திருக்கணும்.”

“பந்தி நடந்துக்கிட்டு இருந்திச்சேம்மா. அவ்ளோ சனம் வந்து...”

தூரத்தில் பஸ் வந்தது. இளவரசி அப்பாவின் பையை எடுத்து அவர் தோளில் மாட்டினாள்.

“பொண்ணுக்கும்தான்னு சொல்லி பையனுக்குக் கேக்கறாங்கன்னு தெரிஞ்சா, அது முகூர்த்தத்து அன்னிக்கே தெரிஞ்சாலும் கல்யாணத்த நிறுத்திடணும்பா. நம்ம ஊர்ல இனி பொண்ணு குடுக்கறவங்ககிட்ட இத சொல்லுங்க. சனம் சிரிக்கும்னு நாம பயந்தோம். அந்தச் சனம் மறுநாள் சாப்டுட்டு அதது வூட்டுக்குப் போயிடுச்சி. நான்தான் இங்க இருக்கறேன்.”